நானோ மருந்து: கவுன்டரில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். மருந்துத் துண்டை நீட்டிவிட்டு மிச்சக் காசை எண்ணும் நேரத்தில்தான் ஆட்கள் மனதில் உள்ள சந்தேகத்தை வெளியே எடுப்பார்கள். கொஞ்ச காலமாக அதில் "நானோ" என்ற பேச்சு அடிபடுகிறது. மகன் போனில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பான், அல்லது மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போன அக்காவுக்கு பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருப்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்து உடம்புக்குள் எப்படிப் போய் என்ன செய்கிறது என்பதுதான் இங்கே இருக்கிறது.

"நானோன்னா என்ன தம்பி? அந்தச் சின்னக் காரா, உரத் தட்டுப்பாட்டுல இந்தியாவுல இருந்து வந்துச்சே அந்தத் தண்ணி உரமா?"

இரண்டுக்கும் பேர் அதுதான். கார் சின்னது என்பதற்காக வைத்த பேர். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்திருந்த நேரம் வந்த நானோ நைட்ரஜனில் விஷயம் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

மருந்தில் நானோ என்றால் அளவு. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீற்றர். நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீற்றர். இரத்தத்தில் உள்ள சிவப்பு அணு 7,000 சொச்சம். மருந்தைச் சுமந்து போகும் துகள்கள் பெரும்பாலும் 100ஐ ஒட்டியே இருக்கும். அதாவது இரத்தத்தில் தடங்கலில்லாமல் ஓடும் அளவு சின்னது, ஆனால் ஆரோக்கியமான இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே கசிய முடியாத அளவு பெரியது. இந்த இரண்டாவது பாதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேதான் இருக்கிறது.

"அப்ப இது புதுசா கண்டுபிடிச்ச மருந்தா?"

பெரும்பாலும் பழைய மருந்துதான். அதைச் சுற்றியிருக்கும் உறைதான் புதுசு. டொக்ஸோரூபிசின் என்று ஒரு புற்றுநோய் மருந்து 1970களில் இருந்து பாவனையில் உள்ளது. சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே, அதுதான். (அதை ஏற்றிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து ஓடி வருபவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்.) அதே மருந்தைக் கொழுப்பால் ஆன குட்டி உருண்டைக்குள் அடைத்து, 1995இல் டொக்ஸில் என்ற பேரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் இருக்கும்.

அந்த உருண்டைக்கு லைப்போசோம் என்று பேர். நம் செல்களின் சவ்வு எந்த வகைக் கொழுப்பால் ஆனதோ, அதே வகைக் கொழுப்பு. தண்ணீரில் போட்டால் அது தானாகவே உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் என்பதை 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் என்பவர் கவனித்தார். அதில் மருந்தை நிரப்பி, மனிதருக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவர முப்பது வருடம் பிடித்தது.

"ஊசில ஏத்துனா நேரா கட்டிக்கே போய் அடிக்குமாமே?"

இல்லை. விளம்பரங்களும் வீடியோக்களும் மக்களைப் பேய்க்காட்டுவது இந்த ஒரு இடத்தில்தான். துகளுக்குக் கண்ணும் கிடையாது, மோட்டரும் கிடையாது. இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். புற்றுக்கட்டிகள் அவசரமாக வளர்வதால் அவற்றின் இரத்தக் குழாய்கள் பல நேரம் ஒழுங்காகக் கட்டப்படாமல் இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளி வழியே துகள்கள் கசிந்து கட்டிக்குள் தங்கிவிடுகின்றன. இதை 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மாயேதாவும் எடுத்துக்காட்டினார்கள்.

தோட்டத்துக்குக் கடிதம் வரும் விதத்தை நினைத்துப் பாருங்கள். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டத்தில் தபால் ஒப்பீஸ் வரைதான் வரும். அங்கிருந்து உரியவர் கைக்குப் போவது இன்னொரு கதை. துகள் கட்டிக்குள் கசிவது, கடிதம் ஒப்பீசுக்கு வந்து சேர்ந்த மாதிரி. சில ஆய்வுகளில், புற்றுச் செல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைத் துகளின் மேல் ஒட்டி அனுப்புகிறார்கள். அது கடிதத்தில் பேரும் காம்பரா நம்பரும் எழுதுவது. பேர் எழுதியிருப்பதால் கடிதம் ஒப்பீசுக்குச் சீக்கிரம் வந்துவிடாது. வந்த பிறகுதான் உதவும். இப்படிப் பேர் எழுதி அனுப்பிய பைண்ட்-014 என்ற மருந்து பெரிதாக எதிர்பார்க்கப்பட்டது. பலன் போதவில்லை, அதைச் செய்த கம்பெனி 2016இல் திவாலானது.

எவ்வளவு போய்ச் சேருகிறது என்றும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எலிகளில் நடந்த பல வருட ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்து 2016இல் வந்த கட்டுரைப்படி, ஏற்றிய அளவில் கட்டிக்குள் போனது நடுத்தரமாக 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு. மிச்சத்தில் பெரும் பங்கை ஈரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடுகின்றன. அந்நியத் துகளைக் கண்டால் விழுங்குவதுதான் அங்கிருக்கும் செல்களின் வேலை.

"ஆயிரத்துக்கு ஏழுன்னா எதுக்கு சேர் இவ்வளவு காசு?"

மருந்து எங்கே போகாமல் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தக் காசு. சாதாரண டொக்ஸோரூபிசின் இதயத் தசையைக் கெடுக்கும். ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பே உண்டு. இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமானது. 100 நானோமீற்றர் உருண்டை அதைத் தாண்டி வெளியே வராது. அதனால் இதயத்துக்குச் சேதம் குறைகிறது. நானோ மருந்துகளில் இதுவரை கைகண்ட பலன் பெரும்பாலும் இந்த வகைதான். குறி பார்த்து அடிப்பதில் இன்னும் தடுமாற்றம். வேண்டாத இடத்தைத் தவிர்ப்பதில் நல்ல தேர்ச்சி.

பக்லிடாக்செல் என்ற மருந்தின் கதை இன்னொரு விதம். அது தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து ஏற்றுவார்கள். அந்தக் கரைப்பானே பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீரொய்ட் கொடுத்து, வழக்கமாக மூன்று மணித்தியாலம் மெதுவாக ஏற்ற வேண்டும். 2005இல் வந்த அப்ரக்ஸேன், அதே மருந்தை நம் இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீற்றர் துகளாக்கியது. கரைப்பான் இல்லை, அரை மணித்தியாலத்தில் ஏற்றி முடியும்.

"அப்ப முடி கொட்டாது, வாந்தி வராதுதானே?"

டொக்ஸில் வகையில் முடி கொட்டுவது குறைவு. அப்ரக்ஸேனில் கொட்டும், கை கால் விறைப்பும் வரலாம். ஒரு தொல்லை குறைந்த இடத்தில் இன்னொன்று தலைகாட்டும். நம் பெண்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு.

டொக்ஸில் வகை மருந்து நாட்கணக்கில் இரத்தத்தில் சுற்றும். உராய்வும் அழுத்தமும் சூடும் உள்ள இடங்களில் தோலுக்குள் கசியும். உள்ளங்கை, உள்ளங்கால், விரல் இடுக்கு சிவந்து, எரிந்து, பிறகு தோல் உரியும். கொழுந்து பறிக்கிற ஒருவருக்கு அந்த இடமெல்லாம் ஏற்கெனவே சாயம் பிடித்து வெடித்திருக்கும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சொல்லவே வேண்டாம். "இது மலையில இருந்து வந்ததுதான்" என்று கவனிக்காமல் விட்டு, அடுத்த முறை கிளினிக்கில் காட்டவும் மறந்துவிடுவார்கள். காட்ட வேண்டும். அடுத்த தவணையை டொக்டர் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம். ஏற்றிய முதல் வாரத்தில் சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவுவது, இறுக்கமான சப்பாத்து, கையை உராயும் வேலை எதுவும் ஆகாது. பேர் போடப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்று தெரியும். அதற்காகவே மருந்து தொடங்கும் முன் இதைப் பற்றி டொக்டரிடம் பேசி, லீவு எடுக்கத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் கொழும்புல இருக்கவங்களுக்கு. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு எட்டுமா?"

உங்கள் உடம்பில் ஏற்கெனவே போயிருக்கலாம். கொவிட் காலத்தில் பூஸ்டராகப் போட்ட பைசர், கண்டி மாவட்டத்தில் பலருக்குப் போட்ட மொடர்னா, இரண்டும் நானோ மருந்துதான்.

இன்னொன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்றும் இரும்புச்சத்து. "ரத்தம் காணாது" என்று வார்டில் வைத்து, கடும் மண்ணிறத்தில் ஒரு சேலைன் ஏற்றுவார்களே, அயன் சுக்ரோஸ். இரும்பை அப்படியே நரம்பில் விட்டால் அது நஞ்சு. அதனால் நானோ அளவில் இரும்பின் ஒரு கருவைச் செய்து, சுற்றிச் சீனிச்சத்தால் மூடியிருக்கிறார்கள். ஈரலும் மண்ணீரலும் துகளை விழுங்கிவிடும் என்று மேலே குறைபட்டேன் அல்லவா? இங்கே அதுவேதான் தேவை. விழுங்கிய செல்கள் இரும்பைப் பிரித்து, இரத்தம் ஊறும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகின்றன. என் கணக்கில், நானோ மருந்து மிகத் துல்லியமாகப் போய்ச் சேருவது புற்றுக்கட்டிக்கு இல்லை, இந்த இரும்புக்குத்தான். ஆனால் பத்திரிகையில் இதை எழுத ஆளில்லை.

அதற்காகக் குளிசையை விட்டுவிட்டு சேலைனைக் கேட்க வேண்டாம். குளிசை வேலை செய்யாத, ஒத்துக்கொள்ளாத, அல்லது நாள் நெருங்கிவிட்ட தாய்மாருக்குத்தான் அது. முதல் மூன்று மாதத்தில் போடவும் மாட்டார்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடுபவர்கள்தான் இங்கே அதிகம். தேயிலையில் உள்ள பொருட்கள் இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணித்தியாலமாவது விடுங்கள்.

"தடுப்பூசில நானோ சிப்பு வச்சாங்கன்னு சொல்றாங்களே?"

வைக்கவில்லை. பைசரிலும் மொடர்னாவிலும் இருந்தது எம்ஆர்என்ஏ. அது செல்லுக்கு ஒரு புரதம் செய்யச் சொல்லும் தற்காலிகக் குறிப்பு. தனியாகப் போனால் உடம்பு உடனே சிதைத்துவிடும் என்பதால் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் குறிப்பும் கொழுப்பும் கரைந்து போகும். அந்தக் குறிப்பை உடம்பு எதிர்க்காதபடி மாற்றிய கதலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இலங்கையில் அதிகம் பேருக்குப் போட்ட சைனோபார்மில் இந்த உருண்டையே கிடையாது. அது செயலிழக்கச் செய்த வைரஸ், பழைய முறை. "சைனோபார்ம் போட்டதில் இருந்து உடம்பில் நானோ ஓடுது" என்பவருக்கு இந்தப் பதிலே போதும்.

"நுவரெலியா குளிருக்கு ஃபிரிட்ஜ் எதுக்கு? ஜன்னல்ல வச்சா போதாதா?"

போதாது. இந்த மருந்துகள் பலவற்றுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் தேவை. நுவரெலியாவிலேகூட பகலில் 20ஐத் தொடும். ஹட்டன், பண்டாரவளை, பதுளையை விட்டுவிடுங்கள். மறுபக்கம், தையை ஒட்டிப் பனி உறையும் இரவுகளில் ஜன்னலோரம் பூச்சியத்துக்கே போகலாம். உறைந்தால் கொழுப்பு உருண்டை உடைந்து மருந்து வெளியே கசியக்கூடும். அப்படிக் கசிந்தால், அப்புறம் உருகினாலும் பழைய நிலைக்கு வராது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஃபிரிட்ஜிலும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இன்சுலினுக்கும் இதே சட்டம்தான்.

"சீனி வருத்தத்துக்கு ஊசி இல்லாம நானோ குளிசை வந்துருச்சா?"

இன்சுலினுக்கு வரவில்லை. இன்சுலின் ஒரு புரதம், வயிற்றில் இறைச்சி செமிக்கிற மாதிரி அதுவும் செமித்துவிடும். தப்பினாலும் குடல் சுவரைத் தாண்டுவது கடினம். நானோ உறையில் வைத்துத் தாண்ட வைக்கும் முயற்சி பல ஆய்வுகூடங்களில் நடக்கிறது, கடைக்கு எதுவும் வந்து சேரவில்லை. செமாக்ளூடைட் என்று ஒரு குளிசை வெளிநாடுகளில் இருக்கிறது. அது இன்சுலினும் இல்லை, நானோவும் இல்லை. யாராவது "நானோ இன்சுலின் குளிசை" என்று விற்றால் வாங்காதீர்கள், ஊசியையும் நிறுத்தாதீர்கள்.

"அப்ப நானோ குளிசைன்னு ஒண்ணுமே இல்லையா?"

இருக்கிறது, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். இரத்தக் கொழுப்புக்கான ஃபெனோஃபைப்ரேட் 160 மில்லிகிராமும் உண்டு, 145உம் உண்டு. 145 வகை, மருந்தை நானோ துகளாக அரைத்துச் செய்வது. நன்றாகக் கரைவதால் குறைந்த அளவு போதும், சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதில் உறையும் இல்லை, குறியும் இல்லை, வெறும் அரைப்புத்தான்.

"ரெண்டுக்கும் ஒரே பேர்தானே, விலை குறைஞ்சதைக் குடுங்களேன்?"

பாரசிட்டமோலில் தாராளமாகச் செய்யலாம். உறையில் வைத்த மருந்தில் செய்தால் ஆளே போய்விடலாம். கடும் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் அம்போடெரிசின் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது தட்டுப்பாடாகிப் போன மருந்து. லைப்போசோம் வகையை, உடல் எடையில் கிலோவுக்கு வழக்கமாக 3 முதல் 5 மில்லிகிராம் வரை நாளுக்கு ஏற்றுவார்கள். சாதாரண வகையில் 1.5ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் இதயம் நின்று போகலாம், சிறுநீரகமும் தாங்காது. பேர் ஒன்று, மருந்து ஒன்று, ஆனால் உறையும் மருந்தின் ஒரு பாகம்.

வேறு கம்பெனி செய்த மலிவான லைப்போசோம் வகை என்றால் அது வேறு பேச்சு. 2012இல் அமெரிக்காவிலேயே டொக்ஸிலுக்குத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவின் சன் பார்மா செய்த லிப்போடொக்ஸை இறக்குமதி செய்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனியின் வகைக்கு முறையான அனுமதியும் கொடுத்தார்கள். உறை, அளவு, அடைத்த விதம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கிடைத்த அனுமதி அது. இங்கே அந்த வேலை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையுடையது.

"வெத்தலை போட்டு வர்ற வாய் கென்சருக்கு இதுல மருந்து இருக்கா அண்ணே?"

வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான வைத்தியம் வெட்டி எடுப்பது, கதிர் கொடுப்பது, கூடவே சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து. நானோ வகை அந்த வழக்கத்துக்குள் இன்னும் வரவில்லை. ஹஃப்னியம் என்ற உலோகத்தின் ஒக்சைட் துகளைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் போட்டு, கதிரின் வேகத்தை அங்கே மட்டும் கூட்டும் முறை தலை, கழுத்துப் புற்றுக்குச் சோதனையில் இருக்கிறது. கட்டிக்குள் நேரடியாகப் போடுவதால் கடிதம் தொலையும் பிரச்சினை அதற்குக் குறைவு.

இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை, மூன்றையும் விட வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டேன். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவை இருந்தால் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

"நம்ம சித்த மருந்துல பற்பம், செந்தூரம் எல்லாம் அந்தக் காலத்து நானோதானே?"

சில பற்பங்களை இலத்திரன் நுண்நோக்கியில் பார்த்து நானோ அளவுத் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். அது உண்மை. லயத்து அடுப்புப் புகையிலும் நானோ துகள் இருக்கிறது, அதுவும் உண்மை. சின்னதாக இருப்பது மட்டும் ஒரு பொருளை மருந்தாக்காது. எவ்வளவு போகிறது, எங்கே போகிறது, எப்படி வெளியேறுகிறது என்று அளந்திருக்க வேண்டும். ஈயம், பாதரசம் கலந்த பொருளில் துகள் சின்னதாவது ஆபத்தைக் கூட்டவும் கூடும். பதிவு பெற்ற வைத்தியரிடம் எடுப்பவர்கள், சிறுநீரகப் பரிசோதனை செய்யும்போது அதை டொக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

"லயத்துக்கே வந்து 'நானோ சொட்டு'ன்னு விக்கிறாங்க. சீனி, பிரஷர், முழங்கால் வலி எல்லாத்துக்கும் ஆகுமாம்."

ஆகாது. இதுவரை சொன்ன ஒவ்வொரு மருந்தும் குறிப்பிட்ட ஒரு சில நோய்க்குத்தான். போத்தலில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் அந்த ஆள் மறுபடி வரமாட்டார்.

"உடம்புலயே தங்கி, பின்னாடி கேடு செய்யாதா?"

எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. கொழுப்பு, அல்புமின், இரும்பு மூன்றையும் கையாள உடம்புக்கு வழி தெரியும். தங்கம், சிலிக்கா போன்றவற்றில் செய்த துகள்கள் ஈரலில் நீண்ட காலம் கிடக்கக்கூடும். 6 நானோமீற்றருக்குக் குறைந்தால்தான் சிறுநீரகம் வடித்து வெளியேற்றும். தங்கம், சிலிக்கா வகைகள் இன்னும் மருந்துக்கடைக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின்னாடி வருவதைவிட, ஏற்றத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் வருவதைக் கவனியுங்கள். நெஞ்சு இறுக்கம், முகம் சிவத்தல், மூச்சு வாங்குதல், முதுகு வலி. துகளை அந்நியன் என்று உடம்பு எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பதால் வருவது. முதல் தவணையில்தான் அதிகம். அதனால்தான் நர்ஸ் மிஸ்மார் மிக மெதுவாகத் தொடங்குவார்கள். வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். நிறுத்திவிட்டு, பிறகு மெதுவாக மறுபடி ஏற்ற முடிவது வழக்கம்.

"நம்ம நாட்டுல யாரும் இதைச் செய்றாங்களா சேர்? ஏஎல் படிக்கிற மக கேக்கச் சொன்னா."

ஹோமாகமவில் ஸ்லின்டெக் என்ற நானோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 2008இல் தொடங்கப்பட்டது. அங்குள்ளவர்கள் 2017இல் உலக அளவில் பேசப்பட்ட ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், ஆனால் அது உரம் பற்றியது. எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சிஅபடைட் என்ற கனிமத்தின் நானோ துகளில் யூரியாவை ஏற்றி, மெதுவாக வெளிவர வைத்தார்கள். இந்தியாவில் இருந்து வந்த தண்ணி உரம் இதுவல்ல, அது இலையில் தெளிப்பது. மருந்தை மெதுவாக விடுவதும் யூரியாவை மெதுவாக விடுவதும் வேதியியலில் ஒன்றுக்கொன்று தூரமில்லை. மகள் இரசாயனத்தையும் உயிரியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

"ஆஸ்பத்திரில இல்ல, வெளிய வாங்கிட்டு வாங்கன்னா என்ன செய்றது?"

முதலில் துண்டில் மருந்தின் பேர் முழுதாக இருக்கிறதா பாருங்கள். "லைப்போசோமல்" என்ற சொல் விடுபட்டிருந்தால் கடைக்காரர் ஊகிக்க வேண்டாம், நீங்களும் ஊகிக்க வேண்டாம், எழுதிய டொக்டரிடம் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். காரணம் அம்போடெரிசின் பதிலில் இருக்கிறது. வாங்குவது பதிவுள்ள பார்மசியாக இருக்கட்டும், பற்றுச்சீட்டும் பெட்டியும் தொகுதி இலக்கமும் கையில் இருக்கட்டும்.

கொழும்பில் இருந்தோ கண்டியில் இருந்தோ பஸ்ஸில் கொண்டு வருவதாக இருந்தால் ஏற்றும் நாளுக்கு முந்தின நாள் வாங்குவது நல்லது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து, மருந்துக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு துவாயை மடித்து வையுங்கள், நேரே பட்டால் உறையும். பஸ்ஸில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் முதலிலேயே வார்டில் கேளுங்கள். பேரும் கிளினிக் இலக்கமும் எழுதிக் கொடுத்தால், இடம் இருக்கும்போது அவர்களுடைய ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொள்வார்கள்.